அறுபத்தொன்றின் சோடி

எண்கள் நடந்த பாதை – 17

60, 61, 62 மூன்றும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். முதல் வீட்டிலும் மூன்றாம் வீட்டிலும் கதவைத் தட்டியதுமே ஆள் வந்துவிடுகிறார். நடு வீட்டில் தட்டத் தட்டப் பதிலில்லை.

விளையாட்டு இதுதான். ஒரு முழு எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தை 60-ஆல் பெருக்கி, ஒன்று கூட்ட வேண்டும். வருகிற விடையும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். 4-ஐ எடுத்தால் வர்க்கம் 16, அறுபது மடங்கு 960, ஒன்று கூட்டினால் 961. அது 31-ன் வர்க்கம். 62-க்கு 8 பொருந்தும்: 64-ஐ 62-ஆல் பெருக்கினால் 3968, ஒன்று கூட்டி 3969, அதாவது 63-ன் வர்க்கம். இரண்டும் மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். இப்போது 61. பூஜ்யத்தை எடுத்தால் சும்மாவே பொருந்திவிடும், அது கணக்கில்லை. ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். நான் ஒரு மழை நாள் மாலையில் நாற்பது வரை போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். நல்லவேளை. நிமிடத்துக்கு ஓர் எண் என்று இரவு பகலாக உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய 430 வருடம் ஆகியிருக்கும்.

சென்ற இதழில் ஆரியபடரின் குட்டகத்தைப் பார்த்தோம். அங்கேயும் சமன்பாடு ஒன்று, தெரியாத எண்கள் இரண்டு. அதனால் விடையாக வருவது ஓர் எண் அல்ல, ஒரு சோடி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இதற்கு வரிசைச் சோடி என்று பெயர். (31, 4) என்பது வேறு, (4, 31) என்பது வேறு. எந்த எண் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் விஷயம். பழைய சமஸ்கிருதக் கணித நூல்களில் இந்த வரிசை பெயரிலேயே இருக்கிறது. நம் விளையாட்டில் பெரிய எண் ‘ஜ்யேஷ்டம்’, சிறிய எண் ‘கனிஷ்டம்’. மூத்தது, இளையது. அண்ணனையும் தம்பியையும் இடம் மாற்றி உட்கார வைக்க முடியாது. பெருக்கும் எண்ணுக்குப் ‘பிரகிருதி’ என்று பெயர். இந்த வகைக் கணக்கு முழுவதுக்கும் ‘வர்க்கப்பிரகிருதி’ என்று பெயர். நமக்கும் இந்தப் பெயர்களே வசதி. மூத்ததன் வர்க்கத்திலிருந்து, 61 மடங்கு இளையதன் வர்க்கத்தைக் கழித்தால், மிச்சம் 1. இதுதான் சமன்பாடு. குட்டகத்தில் வர்க்கம் கிடையாது, இங்கே உண்டு. அந்த ஒரு வித்தியாசத்தில் கணக்கின் குணமே மாறிவிடுகிறது.

பெயர் வைத்தவர்களின் ஊருக்குப் போவோம். இன்றைய ராஜஸ்தானின் தென்மேற்கில், குஜராத் எல்லையை ஒட்டி, பின்மால் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய பெயர் பில்லமாலம். சாப வம்சத்து அரசன் வியாக்கிரமுகன் ஆண்ட காலத்தில், 628-ல், முப்பது வயது பிரம்மகுப்தர் எழுதி முடித்த நூல் பிரம்மஸ்புடசித்தாந்தம். வானியல் நூல்தான், ஆனால் நடுவே கணிதத்துக்குத் தனி அத்தியாயங்கள் உண்டு. பூஜ்யத்துக்கும் குறை எண்களுக்கும் விதி சொன்ன நூல் என்று பலருக்கும் தெரியும். என்னைக் கேட்டால், அந்த விதிகளைவிடப் பதினெட்டாம் அத்தியாயத்தில் இந்தச் சோடிகளைப் பற்றி வருகிற சில வரிகள்தான் அவருடைய மேதைமைக்குப் பெரிய சாட்சி.

ஒரு சவாலும் விட்டிருக்கிறார். புதன்கிழமையன்று கிரகக் கணக்கில் மிஞ்சும் ராசிச் சேஷத்தின் வர்க்கத்தை 92-ஆலும், கலைச் சேஷத்தின் வர்க்கத்தை 83-ஆலும் பெருக்கி ஒன்று கூட்டினால் முழு வர்க்கம் வர வேண்டும். ஒரு வருடத்துக்குள் இதைச் செய்து முடிப்பவன் கணிதன். புதன்கிழமைக்கும் இந்த எண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வானியல் நூலுக்குள் நுழைய வேண்டுமானால் வானியல் உடுப்புப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உடுப்பைக் கழற்றினால் உள்ளே இருப்பது எண்ணாசை பிடித்த ஓர் இளைஞர்.

ஒரு வருடம் என்று அவர் தவணை கொடுத்தது பெருமைக்காக. அவருடைய வழி தெரிந்தால் 92-க்கு ஐந்து நிமிடம் போதும். அந்த வழிக்குப் ‘பாவனை’ என்று பெயர். நம் பேச்சில் பாவனை என்றால் நடிப்பு. ஆயுர்வேத மருந்து செய்பவரிடம் கேட்டால் வேறு அர்த்தம் சொல்வார்: பொடியை மூலிகைச் சாறு விட்டு அரைத்து, உலர்த்தி, மறுபடி சாறு விட்டு அரைப்பது. பிரம்மகுப்தரின் பாவனைக்கு இந்த இரண்டாவது அர்த்தம்தான் கிட்டத்தில் வருகிறது. ஒரு சோடியை இன்னொரு சோடியோடு சேர்த்து அரைத்தால் மூன்றாவது சோடி கிடைக்கும்.

அரைக்கும் முறை இப்படி. ஒரே பிரகிருதிக்கு இரண்டு சோடிகள் கையில் இருக்கின்றன. மிச்சம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எதுவாகவும் இருக்கலாம். இரண்டு மூத்தவற்றையும் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு இளையவற்றையும் பெருக்கி, அதைப் பிரகிருதியால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் புதிய மூத்தது. பிறகு முதல் சோடியின் மூத்ததை இரண்டாவதன் இளையதோடும், முதலாவதன் இளையதை இரண்டாவதன் மூத்ததோடும் குறுக்காகப் பெருக்கிக் கூட்டினால் புதிய இளையது. இந்தக் குறுக்குப் பெருக்கலுக்கு ‘வஜ்ராப்யாசம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இந்திரனின் வஜ்ராயுதம் போலக் கோடுகள் குறுக்கே வெட்டுவதால். புதிய சோடிக்கு மிச்சம் என்ன? பழைய இரண்டு மிச்சங்களின் பெருக்கல் தொகை.

92-க்குப் போட்டுப் பார்ப்போம். 10-ன் வர்க்கம் 100, அதிலிருந்து 92-ஐக் கழித்தால் 8. ஆக (10, 1) என்ற சோடிக்கு மிச்சம் 8. நமக்கு வேண்டியது 1. இதை இதனோடேயே அரைத்தால் மூத்தது 100-ம் 92-ம் சேர்ந்து 192, இளையது 10-ம் 10-ம் சேர்ந்து 20, மிச்சம் 64. அறுபத்து நான்கு என்பது எட்டின் வர்க்கம். ஆகவே சோடி முழுவதையும் எட்டால் வகுத்துவிடலாம்: (24, இரண்டரை), மிச்சம் 1. கிட்டத்தட்ட வந்துவிட்டோம், அந்த அரைதான் இடிக்கிறது. கவலை இல்லை, மிச்சம் ஒன்றான சோடியை மறுபடி அரைத்தாலும் மிச்சம் ஒன்றுதான். 24-ன் வர்க்கம் 576, இரண்டரையின் வர்க்கத்தை 92-ஆல் பெருக்கினால் 575, சேர்த்தால் 1151. குறுக்கே பெருக்கினால் 60-ம் 60-ம், 120. விடை (1151, 120). சரிபாருங்கள்: 1151-ன் வர்க்கம் 1324801. 120-ன் வர்க்கம் 14400, அதன் 92 மடங்கு 1324800. 83 இன்னும் சுலபம். (9, 1)-ல் தொடங்கினால் ஒரே அரைப்பில் (82, 9) வந்துவிடும்.

இதில் நான் நின்று வியக்கிற இடம் விடை அல்ல. விடை தேடுகிறவன் பொதுவாக ஒன்றைக் கண்டுபிடித்ததும் பையை மூட்டை கட்டுவான். பிரம்மகுப்தர் தவறான விடைகளைக்கூடத் தூக்கி எறியவில்லை. மிச்சம் 8 வந்தால் வைத்துக்கொள், பின்னம் வந்தால் வைத்துக்கொள், அவை சேர்ந்து நல்லது ஒன்றைப் பெறும் என்கிறார். மிச்சம் ஒன்றான ஒரு சோடி கிடைத்துவிட்டாலோ அதைத் தன்னோடு அரைக்க அரைக்க அடுத்தது, அதற்கடுத்தது என்று முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். எண்களின் சோடிகளுக்கு இடையே ஒரு பெருக்கல் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டார். ஐரோப்பாவில் இதே சூத்திரம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லரின் பேனாவிலிருந்து வந்தது.

ஆனால் பாவனைக்கு ஒரு குறை உண்டு. மிச்சம் 2, 4 அல்லது அவற்றின் குறை எண்கள், குறை 1 ஆகியவற்றில் ஏதாவதொன்று கையில் விழுந்தால்தான் வழி நிச்சயம். 92-ல் அமைந்தது போல மற்றவற்றில் அமைவது அதிர்ஷ்டம். 61-க்கு (8, 1) எடுத்தால் மிச்சம் 3. அதை அரைத்தால் 9, அரைத்து மூன்றால் வகுத்தால் பின்னத்தில் மாட்டிக்கொள்வோம். அதிர்ஷ்டத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு முறையை வைக்க வேண்டும்.

வைத்தவர் பெயர் ஜெயதேவர். (கீதகோவிந்தம் பாடியவர் வேறு.) அவருடைய நூல் கிடைக்கவில்லை. 1073-ல் உதயதிவாகரர் என்பவர் லகுபாஸ்கரியத்துக்கு எழுதிய சுந்தரி என்ற உரையில் ஜெயதேவரின் செய்யுள்கள் இருபது மேற்கோளாக வருகின்றன. கே.எஸ். சுக்லா 1954-ல் அதைக் கண்டெடுத்து வெளியிடும்வரை இந்தப் பெருமை முழுவதும் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாஸ்கரர் கணக்கிலேயே இருந்தது. ஒரு மனிதரின் வாழ்நாள் வேலை இன்னொருவரின் உரைக்குள் இருபது செய்யுளாகச் சுருங்கி, எண்ணூற்றுச் சொச்சம் வருடம் பேசாமல் கிடந்திருக்கிறது.

முறையின் பெயர் சக்கரவாளம். மணிமேகலை படித்தவர்களுக்குச் சொல் புதிதல்ல, புகாரின் சுடுகாட்டை ஒட்டிய சக்கரவாளக் கோட்டம் நினைவுக்கு வரும். உலகைச் சுற்றி வளையமாக நிற்கும் மலை என்பது சொல்லின் பொருள். கணிதத்தில் அது சுற்றிச் சுற்றி வரும் செய்முறை.

பாஸ்கரர் 1150-ல் எழுதிய பீஜகணிதத்தில் அதற்கு எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்தது 67-ம் 61-ம். வயது அப்போது முப்பத்தாறு. சஹ்யாத்ரி மலையடிவாரத்துக்காரர். அவருடைய நூல்களைக் கற்பிப்பதற்கென்றே பேரன் சங்கதேவர் 1207-ல் ஒரு மடத்தை ஏற்படுத்தினார் என்று மகாராட்டிரத்தின் சாலிஸ்கான் பக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. வகுப்பில் ஆசிரியர் 61-ஐப் பலகையில் எழுதியதும் மாணவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கணக்கு இப்படி ஓடுகிறது. (8, 1), மிச்சம் 3. இதோடு அரைப்பதற்கு இன்னொரு சோடியை நாமே செய்துகொள்கிறோம்: இளையது 1, மூத்தது நாம் தேர்ந்தெடுக்கும் ஏதோ ஓர் எண். அரைத்த பிறகு எல்லாவற்றையும் 3-ஆல் வகுக்கப் போகிறோம். ஆகையால் புதிய இளையது மூன்றால் மீதியின்றி வகுபட வேண்டும். அப்படிப்பட்ட எண்ணைத் தேடித் தருவது போன இதழில் பார்த்த குட்டகம். கிடைக்கிற எண்களில் எதன் வர்க்கம் 61-க்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதை எடு என்பது விதி. 7 கிடைக்கிறது: 8-ம் 7-ம் 15, மூன்றால் வகுபடும். 7-ன் வர்க்கம் 49, 61-க்கு 12 குறைவு. அரைத்து வகுத்தால் மூத்தது 39, இளையது 5, மிச்சம் குறை 4. உண்மைதானா? 39-ன் வர்க்கம் 1521, 61 மடங்கு 25 என்பது 1525. சரி.

குறை 4 வந்துவிட்டால் பிரம்மகுப்தரின் குறுக்குவழி இருக்கிறது. இரண்டால் வகுத்தால் (பத்தொன்பதரை, இரண்டரை), மிச்சம் குறை 1. இதை இதனோடு அரைத்தால் வருவது மறுபடியும் அரைகளோடுதான், ஆனால் மிச்சம் 1. அதைப் பழையதோடு இன்னொரு முறை அரைத்தால் பின்னம் தொலைந்து (29718, 3805), மிச்சம் குறை 1. கடைசியாக இதை இதனோடு ஓர் அரைப்பு. கதவு திறக்கிறது:

(1766319049, 226153980).

மூத்தது நூற்று எழுபத்தாறு கோடிக்கு மேல், இளையது இருபத்திரண்டு கோடிக்கு மேல். இதைவிடச் சிறிய சோடி 61-க்குக் கிடையாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வழியில் பாஸ்கரர் 1150-ல் தொடங்கியிருந்தால் 1580-ல் முடித்திருப்பார். இந்த வழியில் ஒரு பனையோலையின் இரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். 67-ன் சோடி (48842, 5967), அது பரவாயில்லை. 61-ஐ அவர் வேண்டுமென்றேதான் எடுத்திருக்க வேண்டும். நூறுக்குள் இவ்வளவு பெரிய விடை தருகிற எண் வேறில்லை.

அங்கிருந்து 507 வருடம் தாண்டி, பிரான்ஸின் துலூஸ் நகருக்கு வருவோம். பியர் த ஃபெர்மா அங்கே நீதிமன்ற அதிகாரி. எண்கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு என்று சொல்வார்கள். பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. 1657 பிப்ரவரியில் ஆங்கிலக் கணிதர்களுக்கு ஒரு சவால் அனுப்பினார்: வர்க்கமாக இல்லாத எந்த எண்ணைக் கொடுத்தாலும், அதை ஒரு வர்க்கத்தால் பெருக்கி ஒன்று கூட்டினால் வர்க்கம் வரும்படி முழு எண்கள் காண வேண்டும். அதே மாதம் பாரிஸிலிருந்த ஃபிரெனிக்லுக்கு எழுதிய கடிதத்தில், ரொம்பத் தொந்தரவு தராத சின்ன எண்களாக இரண்டைக் குறிப்பிட்டிருந்தார். ஒன்று 61. இன்னொன்று 109. இந்த 109-ன் மூத்தது பதினைந்து இலக்கம்.

பீஜகணிதம் ஃபெர்மாவின் கைக்கு எட்டியிருக்க வழியே இல்லை. ஷாஜகானுக்குக் காணிக்கையாக அதாவுல்லா ரஷீதி செய்த பாரசீக மொழிபெயர்ப்பு அப்போதே இருபது வருடப் பழசு என்றாலும், ஐரோப்பாவில் யாரும் அதைப் பார்க்கவில்லை. இருவரும் தனித்தனியே ஒரே கொடிய எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், இருவருக்கும் அதன் விடை எவ்வளவு பெரியது என்று முன்பே தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம். வேறு எண்களைப் போட்டுப் பார்த்து அலுத்தவனுக்குத்தான் 61-ன் ருசி தெரியும்.

சவாலை லண்டனில் எடுத்துக்கொண்டவர் வில்லியம் பிரௌங்கர், பின்னாளில் ராயல் சொசைட்டியின் முதல் தலைவர். அவரோடு ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் வாலிஸ். முதலில் அவர்கள் அனுப்பிய விடை பின்னங்களில் இருந்தது. பின்னம் போதுமென்றால் இதில் கணக்கே இல்லை: 61-க்கு மூன்றில் 125 பங்கு மூத்தது, மூன்றில் 16 பங்கு இளையது. 125-ன் வர்க்கம் 15625, 61 மடங்கு 256 என்பது 15616, வித்தியாசம் 9, ஒன்பதால் வகுத்தால் 1. முடிந்தது. ஃபெர்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பின்னம் எந்தக் கற்றுக்குட்டியும் கொடுப்பான், முழு எண் வேண்டும் என்று மறுபடி கேட்கப்பட்டது. பில்லமாலத்துப் பாவனையில் பின்னம் ஏறிப் போகும் ஏணிப்படி, இவர்கள் ஏணிப்படியிலேயே உட்கார்ந்து மாடி என்றார்கள். ஆனால் பிரௌங்கர் சளைத்தவர் அல்ல. சில மாதங்களில் முறையான வழியைக் கண்டுபிடித்தார். ஃபிரெனிக்ல் 150 வரை எல்லா எண்களுக்கும் அட்டவணை போட்டுவிட்டு, முடிந்தால் 313-க்குச் சொல்லுங்கள் என்று சீண்டியபோது, ஓரிரு மணி நேரத்தில் பதினேழு இலக்க மூத்ததை எழுதி அனுப்பினார்.

இவ்வளவு பேர் உழைத்த சமன்பாட்டுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் பெல் சமன்பாடு. ஜான் பெல் என்ற ஆங்கிலேயர் அதைத் தீர்க்கவில்லை. இந்தக் கடிதங்கள் பறந்த 1657-ல் அவர் கணிதத்திலேயே இல்லை. கிராம்வெல்லின் தூதராக ஜூரிக்கில் உட்கார்ந்து அரசியல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வாலிஸின் புத்தகத்தில் பிரௌங்கர் வழியைப் படித்த ஆய்லர் பெயரைக் குழப்பிக்கொண்டு பெல் என்று எழுதிவிட்டார் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. ஆய்லர் எழுதினால் மாற்றுவார் உண்டா? நம்மூரில் சிலர் ‘பிரம்மகுப்தர் சமன்பாடு’ என்று மாற்ற வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் மாற்றினால் ஜெயதேவர் மறுபடியும் விட்டுப்போவார்.

1760-களின் பிற்பகுதியில் பெர்லினில் இருந்த லக்ராஞ்சி, வர்க்கமல்லாத எந்த எண்ணுக்கும் ஒரு சோடி கட்டாயம் உண்டு என்பதை முதன்முதலில் நிரூபித்தார். வழி, வர்க்கமூலத்தின் தொடர் பின்னம், அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போவது. அதற்கு முன்னிருந்தவர்கள் அத்தனை பேரும் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் தட்டினார்கள்.

அதே தலைமுறையில், 1773-ல், வுல்ஃபன்பூட்டல் நூலகத்தில் லெஸ்ஸிங் ஒரு பழைய கிரேக்கக் கவிதையைக் கண்டெடுத்தார். சூரியனின் மாடுகள் எத்தனை என்று அலெக்சாண்டிரியாவின் எரட்டோஸ்தனிஸைக் கேட்டு ஆர்க்கிமிடீஸ் அனுப்பியதாகச் சொல்லப்படும் புதிர் அது. அவிழ்த்துக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்பது நம் சமன்பாடு, பிரகிருதி 4729494. மொத்த மாடுகளின் எண்ணிக்கை 206545 இலக்கம் கொண்டது என்று 1880-ல் ஆம்தோர் காட்டினார். முழு எண்ணையும் கணக்கிட 1965-ல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் கணிப்பொறிகள் தேவைப்பட்டன. கவிதை எழுதியவருக்கு விடை தெரிந்திருக்கவே முடியாது. மாட்டுக்காரரும் பாவம்.

இப்போது ஒரு சமையலறை. 1914 டிசம்பர், கேம்பிரிட்ஜ். இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதமான கும்பகோணத்து ராமானுஜன் கேஸ் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையில் கிங்ஸ் கல்லூரி மாணவர் மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை, ஸ்ட்ராண்ட் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அதில் டியூடனி போட்ட புதிர் ஒன்று. பெல்ஜியத்தின் லூவேன் நகரம் அந்த ஆகஸ்டில்தான் ஜெர்மானியப் படையால் எரிக்கப்பட்டிருந்தது, அதனால் புதிரிலும் அந்த ஊர். ஒரு நீண்ட தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒருவர் வீட்டுக்கு இந்தப் பக்கமுள்ள எண்களைக் கூட்டினாலும் அந்தப் பக்கமுள்ள எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை. தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அவர் வீட்டு எண் என்ன?

மகலனோபிஸ் போட்டுப் போட்டுப் பார்த்து சில நிமிடங்களில் கண்டுபிடித்தார்: 288 வீடுகள், அவருடையது 204. அடுப்படிக்குக் குரல் கொடுத்துப் புதிரைப் படித்துக்காட்டினார். ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலேயே, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதன் ஒவ்வொரு படியும் ஒரு தெரு. 8 வீட்டுத் தெருவில் 6-ம் எண். ஐந்து வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் 15. 49 வீட்டில் 35. 288-ல் 204. அதற்கப்புறமும் முடிவில்லாமல். எப்படி என்று கேட்டபோது, விடை ஒரு தொடர் பின்னம் என்று கேட்டதுமே தெரிந்தது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், வந்துவிட்டது என்ற மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். மகலனோபிஸ் இதை நினைவுகூர்ந்து எழுதிக் கொடுத்தது நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனிடம். சீர்காழிக்காரரான அவர் 1967-ல் வெளியிட்ட ராமானுஜன் நூலில் அது இருக்கிறது.

அந்தத் தெருவும் நம் சமன்பாடுதான், பிரகிருதி 8. முதல் சோடி (3, 1). அதோடு அரைக்க அரைக்க (17, 6), (99, 35), (577, 204). மூத்ததில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் தெருவின் நீளம், இளையதுதான் வீட்டு எண். பாவனை தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். கரண்டியோடு செய்ய ராமானுஜன் வேண்டும்.

577 என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்து பௌதாயன சுல்ப சூத்திரத்தைத் திருப்பினேன். வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்கும் நூல் அது, கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முந்தையது. சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அது தரும் அளவு: பக்கம், அதன் மூன்றில் ஒன்று, அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்று, அதிலிருந்து அதன் முப்பத்து நான்கில் ஒன்று குறைவு. கூட்டினால் 408-ல் 577 பங்கு. 408 என்பது 204-ன் இரட்டிப்பு. லூவேன் தெருவாசியும் வேள்விச்சாலைக் கொத்தனாரும் ஒரே சோடியைத்தான் கையில் வைத்திருந்திருக்கிறார்கள்.

ஒரு கேள்வியை நடுவில் விட்டுவிட்டேன். லக்ராஞ்சி தன் வழியை நிரூபித்தார் சரி. ஜெயதேவரின் சக்கரவாளம்? அது எந்த எண்ணுக்கும் கட்டாயம் ஒன்றில் வந்து முடியுமா, இல்லை எங்காவது சுற்றிக்கொண்டே இருக்குமா? 1874-ல் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஹாங்கெல், லக்ராஞ்சிக்கு முன்னால் எண்கணிதத்தில் இதைவிட உயர்ந்தது இல்லை என்று புகழ்ந்தார், ஆனால் புகழ்ச்சி நிரூபணம் ஆகாது. வேறு சிலர் இது லக்ராஞ்சியின் வழியேதான், உருவம் மட்டும் வேறு என்று ஒதுக்கினார்கள்.

இரண்டுக்கும் பதில் 1929-ல் வந்தது. எழுதியவர் ஏ.ஏ. கிருஷ்ணசாமி ஐயங்கார், செங்கல்பட்டு மாவட்டத்துத் தமிழர், மைசூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். இந்தியக் கணிதச் சங்க இதழில் வந்த அந்தக் கட்டுரையில் சக்கரவாளம் எப்போதும் முடியும் என்று நிரூபித்தார், அது லக்ராஞ்சியின் தொடர் பின்னம் அல்ல, வேறொரு வகை என்றும் காட்டினார். பிரம்மகுப்தரைப் போலவே இவரும் கணிதத்தோடு கிரகங்களையும் விடவில்லை. பேராசிரியர், கூடவே ஜோதிடர். அந்த இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருந்தன என்று மகனுக்கு உறுத்தல், பின்னாளில் ஒரு கட்டுரையில் அதை எழுதினார். மகன் ஏ.கே. ராமானுஜன், குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்.

ஐயங்கார் சொன்ன வித்தியாசத்தை 61-லேயே பார்க்கலாம். லக்ராஞ்சியின் வழியில் விடைக்கு 22 படிகள். பிரம்மகுப்தரின் குறுக்குவழியைக்கூடத் தொடாமல் வெறும் சக்கரவாளத்தை மட்டும் சுற்றினால் 14. ஒவ்வொரு படியிலும் வரும் மிச்சங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 3, குறை 4, குறை 5, 5, 4, குறை 3, குறை 1, குறை 3, 4, 5, குறை 5, குறை 4, 3. பதினாலாவது 1. அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து படியுங்கள். ரங்கநாதனின் சீர்காழியில் பிறந்த சம்பந்தர் மாலைமாற்று பாடினாரே, அதே மாதிரி: இந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே வரி.